எட்டு சிலிண்டருக்கு ஒரு விண்ணப்பம்

சமையலறை மேசையின் ஒரு முனையில் பேனாவும் விண்ணப்பத் தாளுமாக டேரன் உட்கார்ந்திருந்தான். எதிரே அப்பா ட்ரெவர், சன்னலோரம் தேநீர்க் கோப்பையுடன் அம்மா மார்லீன், மேசைக்கடியில் நாய்.

"புது லைசென்ஸுக்கு இந்த மாதிரி வேக வண்டி கூடாதாம். விதிவிலக்கு கேக்க என்ன காரணம் எழுத?"

"வாரம் மூணு தடவை நான் டப்போ டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போகணும். கண்ணு மங்கிப்போச்சு, என்னால ஓட்ட முடியல. வீட்ல இருக்கிறது இந்த எட்டு சிலிண்டர் கார் ஒண்ணுதான்னு எழுதுடா," என்றார் ட்ரெவர்.

"நிதானமா ஓட்டுற ஆளுன்னும் சேத்துக்க," என்றாள் மார்லீன்.

"நிதானமாம்! நேத்து கொட்டகை முன்னால கிளப்பின கிளப்புல கோழியெல்லாம் கூரை ஏறிடுச்சு!" என்றார் ட்ரெவர்.

டேரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்தான். "விண்ணப்பதாரர் வயசு? உள்ளத உள்ளபடி சொல்லணும்."

"ஐம்பத்தெட்டு," என்றாள் மூன்று வாரத்துக்கு முன்புதான் லைசென்ஸ் வாங்கிய மார்லீன். திங்களன்று டேரன் சுரங்க வேலைக்குத் திரும்பிவிட்டால், ட்ரெவரை அழைத்துப்போக அவளை விட்டால் ஆளில்லை. பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டாள். உறையை ஒட்டினாள். ஆணியில் தொங்கிய சாவியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

"அம்மா! உத்தரவு இன்னும் வரல!"

சாவியை அவன் மடியில் வீசிவிட்டு, தபால்பெட்டிக்கு ஓட்டமாய் ஓடினாள்.