பனிப்பிளவின் ஓரத்துக் குரல்

இமயத்தின் அந்தச் சிகரத்தில் இறந்தவர்களின் உடுப்புகள், அவர்களுடைய கடைசிச் சொற்களைப் பின்னால் ஏறிவருபவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். கணவர் செழியனின் உடலைக் கீழே கொண்டுவர ஒன்பது வருடம் அலைந்து வாங்கிய ஒப்புதல் தாளில் பூங்கொடி கையெழுத்திட இருந்த அன்று, சிகரத்திலிருந்து திரும்பிய இருதயராஜ் வீடு தேடி வந்தான்.

“வேண்டாம்க்கா. அண்ணன் சொல்லலைன்னா நானும் அந்தப் பனிப்பிளவுல போயிருப்பேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘பூங்கொடி, இந்தப் பக்கம் வராத’ன்னார். யார் போனாலும் பூங்கொடிதான். மீசை வச்ச என்னையும் சேர்த்து.”

செழியன் இறந்த அன்று அவருக்குப் பின்னால் அதே கயிற்றில் ஏறிவந்தவள் அவள்தான். அந்தச் சொல்லைக் கேட்டு நின்றுவிட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பூங்கொடி தாளை மடித்து வைத்தாள்.

“அடுத்த தடவை போனா, பூங்கொடி பத்திரமா இறங்கிட்டாள்னு அவர்கிட்ட சொல்லிடு தம்பி.”