மரத்தில் பிறந்த சட்டை

வெள்ளிக்கிழமை நண்பகல். மயிலாப்பூரில் அந்தச் சின்ன வீட்டு முற்றத்தில் வெயில் தகிக்கிறது. கைசர் ஜஹான் ஒரு மாதமாகத் தன் கையாலேயே தைத்த சட்டையை அண்ணனிடம் நீட்டுகிறாள். அதன் மினுமினுப்பைக் கண்டதும் ஷரஃபுதீன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். "நம்ம மார்க்கத்துல பட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு தெரியாதா? இத்தப் போட்டுக்கினு எப்படித் தொழறது?" அவள் கண்கள் நிறைந்துவிடுகின்றன. தொழுகைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுத் தையற்காரர் அப்துல் வஹீத் உள்ளே வந்து, சட்டையின் ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறார். "மோந்து பாரு நைனா. பட்டுன்னா முடி பொசுங்குற நாத்தம் அடிக்கும். இதுல காயிதம் எரியற வாசனதானே கீது? சீமையில மரத்தக் கூழாக்கி இழுத்த நூலு இது. பூச்சி கட்டுன பட்டு இல்ல, தாராளமாப் போடலாம். நனைஞ்சா மட்டும் சீக்கிரம் கிழிஞ்சிடும், பாத்துக்கோ." ஷரஃபுதீன் தங்கையின் முகத்தைப் பார்க்கிறான். சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி ஒளு செய்யத் தொட்டியருகே குந்துகிறான். சட்டைக் கைகளைத் தோள்வரை பதமாக மடித்து ஏற்றுகிறான். "மேல ஒரு சொட்டு படாம ஊத்து, கைசர்." அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நூல் போல விழச் செம்பைச் சாய்க்கிறாள்.