கொஞ்சம் கோணலாக

அடுத்த பிளாப்பியிலும் அதே வரிதான் வந்தது: படிக்க முடியவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. டிரைவைக் கழற்றித் துடைத்து, எழுதவும் படிக்கவும் உள்ளே இருக்கும் ஹெட்டை இம்மி பிசகாமல் நேராக்கி வைத்திருந்தேன். என் கடை பிளாப்பிகளை மடமடவென்று படித்தது. இவர்கள் கொண்டுவந்ததை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அரதப் பழசான கம்ப்யூட்டர். செத்துப்போன ஹார்ட் டிஸ்கை மாற்றியாயிற்று. ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மற்ற புரோகிராம்களையும் இந்த பிளாப்பிகளிலிருந்துதான் ஏற்ற வேண்டும். மிஷினைக் கொண்டுவந்த பெண்ணின் அப்பா, இதே மிஷினில் நகலெடுத்து வைத்தவை.

அந்த அப்பா இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். தெரிந்த குரல்கள் காதில் விழட்டும் என்று டாக்டர் சொன்னாராம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வரை பேசிப் பார்த்துவிட்டார்கள். அசையவில்லை.

"அம்மா பேசினா எந்திரிப்பாருக்கா. அந்தக் குரல் இதுக்குள்ளதான் இருக்கு."

பாவம், அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் போல. மேலே கேட்காமல் இன்னொரு பிளாப்பியைச் செருகினேன்.

கூட வந்தவர் பெரியம்மாவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல், உம்மென்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்றதற்கும் தலையாட்டல்தான். சரியான கர்வக்காரி.

பிளாப்பியை வெளியே எடுக்கும்போதுதான் உறைத்தது.

அட, புத்தி கெட்டவளே! வருஷக்கணக்காகக் கோணிக் கிடந்த ஹெட் இது. கோணலாக எழுதியதைக் கோணலாகத்தானே படிக்கும்? நேராக்குகிறேன் பேர்வழி என்று நானல்லவா கெடுத்திருக்கிறேன்.

ஒழுங்காகச் செய்த வேலையை வேண்டுமென்றே கெடுக்க உட்கார்ந்தேன். ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்தினேன். ஊஹூம். இன்னும் கொஞ்சம். ஊஹூம். எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

டிரைவ் கரகரத்தது. திரையில் ஒவ்வொரு ஃபைலாக ஏற ஆரம்பித்தது.

அந்த மனுஷன் என்றைக்கோ எழுதி வைத்தது, அன்றைய கோணலில் மட்டும் வாயைத் திறக்கிறது.

கடைசி பிளாப்பியும் ஏறி முடிந்ததும், மகள் தம்பிக்குப் போன் போட்டு அப்பாவின் காதருகே வைக்கச் சொன்னாள். தன் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள்.

பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்கத் திரும்பினேன்.

பெரியம்மா என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்துத் துணியை அவிழ்த்துப் போட்டார். தொண்டையில் ஆபரேஷன் தழும்பு. விரல்கள் கீபோர்டில் பறந்தன.

தகரத்தைத் தட்டினாற்போல ஸ்பீக்கர் பேசியது.

"எந்திரிங்க. எத்தனை தடவைதான் கூப்பிடறது."

பெரியம்மா இல்லை, அம்மாவேதான். டைப் அடித்ததைப் பேச, புதுப் போன்களில் இனிக்க இனிக்கக் குரல் இருந்தும், அம்மா எதையும் தொடமாட்டாராம். இது அப்பா தன் கையால் செய்துகொடுத்த குரலாம். மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

மகள் போனின் ஒலியைக் கூட்டிவைத்தாள்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, எழுந்திருக்க மனசில்லாத புருஷன்கள் எல்லா வீட்டிலும் போடுகிற அதே "ம்" கேட்டது.