தொண்டைத் தண்ணீர்

ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சி அறையில் மின்விசிறி அனலைக் கிளறிக்கொண்டிருக்கிறது. நான்கு வயது மகள் மரக்கட்டைகளைச் சுவரோரம் வரிசையாக அடுக்குகிறாள். தனக்குத் தாகமெடுத்தாலும், மற்றவர்கள் கேட்கும் கேள்வியையே திருப்பி, "தண்ணி வேணுமா?" என்பாள். "'வேணும்'னு சொல்லுடா கண்ணு," என்று காலையிலிருந்து திருத்தித் திருத்தியே டீச்சரின் குரல் கம்மிவிட்டது. அம்மா பாயில் காலை நீட்டிச் சாய்கிறாள். "எனக்கும் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு டீச்சர். இன்னைக்கு விட்டுடுங்க." கட்டைகளின் சத்தம் நிற்கிறது. மகள் யாரையும் பார்க்காமல் எழுந்து போய், தன் நீலக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அம்மாவின் முழங்காலில் இடிக்கிறாள். பாதித் தண்ணீர் மடியில் சிந்துகிறது. "தண்ணி வேணுமா?" திருத்த வாயெடுத்த டீச்சர் அப்படியே நிற்கிறார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கோப்பைக்குக் கை நீட்டுகிறாள். பிறகு, "வேணும்," என்கிறாள்.