மாடிவீட்டு ஊமைக்கோட்டான்

"உங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குதுப்பா! ஓசில வர்ற ஆம்புலன்ஸ், நம்பரைத் தட்டினா வந்துட்டுப் போறான். தட்டினா விரலு தேஞ்சா போயிடும்?" மாடிப்படியில் நின்று கத்தினாள் கீழ்வீட்டு அக்கா.

அவன் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டான். பெற்ற தாய்க்கு ஆம்புலன்ஸ் கூப்பிட மறுக்கும் பிள்ளையை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

"வேணாங்க்கா. சலவைக்கடை அண்ணன் வேன் நிக்குதான்னு பாருங்க."

குடிவந்ததிலிருந்து அவன் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. வேலைக்குப் போவான், தொண்டை கட்டியவன் போலத் திரும்பி வருவான், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவான். ஊமைக்கோட்டான் என்று தெருவே பெயர் வைத்திருந்தது.

"அவருகிட்டயா? பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு அவரே பித்துப் பிடிச்ச மாதிரி இருக்காரு. அவரப் போயி..." அக்கா சொல்லி முடிப்பதற்குள் அவன் படியிறங்கி ஓடினான்.

சலவைக்கடைக்காரர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. ஓட்டலுக்குப் போகவேண்டிய விரிப்பு மூட்டைகளைச் சாய்மானமாக அடுக்கி, அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பினார்.

வழியில் அம்மாவின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. மகனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பதறாதீங்கம்மா. மூக்கால இழுங்க, வாயால மெதுவா ஊதுங்க. அப்படித்தான். பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லைனில் இருக்கிறேன் என்கிறான்! பெற்றவளிடம் என்றுமில்லாத மரியாதை வேறு. பயத்தில் நாக்கு எதையாவது உளறத்தான் செய்யும். வேன் மட்டும் ஒருமுறை குலுங்கி, மறுபடி வேகம் பிடித்தது.

ஆஸ்பத்திரி முன்வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே கட்டில் காலியானால்தான் நோயாளியை இறக்க முடியும். இறக்கினால்தான் வண்டி நகர முடியும். வரிசையில் இருந்த ஓட்டுநர் ஒருவர் இவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பின்பக்க கேட்டுக்கு விடுங்கண்ணே. ஊசி போடுற ரூம்ல ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும்."

இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது.

"தப்பிச்சாங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்னு உக்காந்திருந்தீங்கன்னா அம்மா உங்களுக்கு இல்ல" என்றார் டாக்டர்.

வெளியே சலவைக்கடைக்காரர் கலைந்த விரிப்புகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவன் ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அண்ணே, இந்த உதவிய செத்தாலும் மறக்க மாட்டேன்."

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. கோபப்படவும் இல்லை.

"உங்கம்மாகிட்ட பேசினீங்களே தம்பி, அதே மாதிரி என்கிட்டயும் ஒருத்தர் பேசினாரு. என் சம்சாரம் மூச்சுக்குத் திணறினப்போ. 'பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு, வேற வண்டி தேடாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவ மூச்சு நிக்கிற வரைக்கும் சொன்னாரு. ஆளத் தெரியாது, குரல்தான் தெரியும். தன்மையான குரல்."

நாளெல்லாம் ஹெட்போன் மாட்டும் அவன் காதுகள் வெட்கத்தில் எரிந்தன. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"வண்டியெல்லாம் அன்னைக்கும் இங்கதாண்ணே நின்னுச்சு. இருந்தாலும் கிளம்பிடுச்சுன்னுதான் சொல்லணும்னு ஆபீஸ்ல உத்தரவு. ஜனங்க பதறக் கூடாதாம்."

சொல்லும்போதே அவனுக்குக் கூசியது. தன் தாய்க்கு அந்த எண்ணை அழுத்தாதவன் சொல்லக்கூடிய சமாதானமா அது?

அவர் கடைசி விரிப்பையும் மடித்து வைத்தார். வேனின் பின்கதவை மெல்லச் சாத்தி, அதன்மேல் கையை வைத்தபடி சொன்னார்.

"இந்த வேன் அன்னைக்கும் வாசல்லதான் நின்னுச்சு, தம்பி."