கார்புரேட்டரைத் தொடாதே

"தம்பி, அவர் வர்றதுக்குள்ள முடிச்சுடணும். இந்த வண்டி இனிமே வேகமாப் போகவே கூடாது."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். கணவருக்குத் தெரியாமல் அவள் பட்டறைப் படியேறியது இதுவே முதல் முறை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் ஆயிலை மட்டும் மாத்தச் சொல்லியிருக்காரு. வேகத்தைக் குறைக்கணும்னா கார்புரேட்டரைக் கழட்டணும். அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் கண்டிச்சுச் சொல்லிட்டுத்தான் போறாரு."

"சொல்லுவாரு. கட்டினவளைவிட அதுதானே அவருக்கு உசத்தி."

மறுநாள் காலை, பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் மலைச்சாலை ஓட்டம். அதில் ஓட்டப்போகும் அவள் கணவருக்கு வயது அறுபத்து மூன்று.

"இந்த வருஷம் நூறைத் தொட்டுக் காட்டறேன்னு சாப்பிடும்போது சொல்றாரு தம்பி. நிஜமாவே இது அவ்வளவு போகுமா?"

"ஒரே சிலிண்டர், பெரிய பிஸ்டன். அவிழ்த்துவிட்டா நூறைத் தாண்டும். பிரேக்குதான் அந்தக் காலத்துது. இறக்கத்துல பிடிச்சா, நிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் நிக்கும்."



ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அந்த மலையிறக்கத்தில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வண்டியைவிட்டு இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

அவர் சிரித்தார். "இரும்புக்கு என்னடி ஆகும்?"

நாம் அஞ்சி நடுங்கும்போது நமக்கு வேண்டியவர் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பை நாம் மன்னிப்பதில்லை. அவளும் மன்னிக்கவில்லை. அதன்பின் அந்த வண்டியில் ஏறவும் இல்லை.

"எதைச் சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு தம்பி. ஏழு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளையடிக்கன்னு படுக்கையறைத் திரைக்கம்பியைக் கழட்டினாரு. பித்தளைக் குழாய், நெளி நெளியா வரி போட்டது, நான் ஆசையா வாங்கினது. திரும்ப மாட்டினா ரெண்டு விரக்கடை குறையுது. கேட்டா, சுவரு நகர்ந்திருக்கும்ங்கறாரு. இன்னிக்கு வரைக்கும் காலை வெயில் என் கண்ணுலதான் அடிக்குது."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. நாளைக்கு அந்த இறக்கத்துல ஏதாவது ஆச்சுன்னா, இன்னிக்கு மாட்டேன்னு சொன்னதை நினைச்சு நீங்களும்தான் தூங்க மாட்டீங்க."

மெக்கானிக் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார்.

"வண்டிக்காரருக்குத் தெரியாம கை வைக்கறது தொழிலுக்கே துரோகம் அக்கா. உங்களுக்காகத்தான்."

தெருவில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. அவள் தூண் மறைவுக்கு நகர்ந்தாள். அவர் இல்லை.

மெக்கானிக் கார்புரேட்டரின் மூடியைத் திருகி எடுத்து, உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை மெல்ல உருவினார். சட்டென்று கை நின்றது.

"என்ன தம்பி, உடைஞ்சிடுச்சா?"

"இல்லக்கா. இதுல எனக்கு வேலையே இல்லை."

"புரியலையே."

"ஸ்பிரிங்குக்குள்ள ஏற்கெனவே ஒரு குழாய்த் துண்டைச் செருகியிருக்கு. இது இருக்கிற வரைக்கும் ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல திருக முடியாது. அம்பதுக்கு மேல வண்டி நகராது." அவர் குரல் தாழ்ந்தது. "ஏழு வருஷமா ஓட்டத்துல அண்ணன்தான் கடைசி. ஆமை வந்துடுச்சு, கடையைக் கட்டலாம்னு எல்லாருமா கிண்டல் பண்ணுவோம். நானும்தான். வண்டிக்கு வயசாச்சுப்பான்னு சொல்லிச் சிரிச்சுக்குவாரு."

அந்தத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் முந்தானையால் அதன் எண்ணெய்க் கறையைத் துடைத்தாள். இரண்டு விரக்கடை நீளப் பித்தளை. அதன் மேல் நெளி நெளியாக வரிகள்.