பதினோரு நாள் துணை

"எங்கப்பா மாதிரி இறுக்கமாப் பின்னல் போட ஒருத்தராலயும் முடியாது. காலையில போட்டா, சாயங்காலம் வரைக்கும் என் புருவம் ரெண்டும் நெத்தியிலதான் நிக்கும்."

மகள் புருவத்தை உயர்த்திக் காட்ட, கூடம் முழுக்கச் சிரிப்பு.

சார்ஜென்ட் காலமாகி ஒரு வருடம். கூடத்தில் நாற்காலி போட்டு, தெரிந்தவர்கள் எல்லாம் அவரைப் பற்றி ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஆனால் சண்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. லீவில் வந்தால் பிள்ளைகளின் ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் அணிவகுத்து நிறுத்துவார்; மனைவிக்குக் காய்ச்சல் என்றால் சமையலறைக்குள் யாரையும் விடாமல் தானே சமைப்பார். பேச்செல்லாம் இப்படித்தான்.

"சமைச்சதை வாயில வைக்க முடியாது. அது வேற விஷயம்," என்றாள் மனைவி.

கடைசி நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பேப்பரில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இரண்டு ரயில் மாறி வந்தவர். பட்டாளத்துக்காரர் என்பது நிமிர்ந்த முதுகிலேயே தெரிந்தது.

"பின்னலை அவர் எங்க பழகினார்னு எனக்குத் தெரியும்மா."

மகள் திரும்பினாள். "எங்க?"

"மலை மேல, ஒரு கல் குடிசையில. பனி கொட்டிப் பாதை மூடிக்கிச்சு. பதினோரு நாள், நானும் அவரும் மட்டும்தான். பொழுது போகணுமே. ஒரு கயித்தை மூணாப் பிரிச்சு வெச்சுக்கிட்டுப் பின்னுவார், அவிழ்ப்பார், மறுபடி பின்னுவார். 'சரியா வருதா பாரு'ம்பார். எனக்கென்ன தெரியும்? 'ஜோரா இருக்கு'ம்பேன்."

"அப்ப நீங்களும் கத்துக்கிட்டீங்களா?"

"பாத்துப் பாத்தே வந்துருச்சு. என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் நான்தான் பின்னி விட்டேன்."

மகளைப் பார்த்துச் சொன்னார்: "நீ எழுதின லெட்டர் ஒண்ணு அவர் பையில இருந்தது. 'அப்பா, முன்பல் ஆடுது. நீங்க வர்ற வரைக்கும் விழாமப் பாத்துக்கறேன்.' எனக்கு மனப்பாடம். தினம் நாலு தடவை வாசிப்பார். வெளியில குண்டு விழும். அவருக்கு உன் பல்லு விழுந்துருமோன்னு கவலை."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தக் குடிசையைப் பத்தி எங்கிட்ட மூச்சு விட்டதில்லையே மனுஷன். உங்களையாவது நல்லா கவனிச்சுக்கிட்டாரா?"

"ரொட்டியைப் பாதியாப் பிட்டு, பெரிய பாதியை எங்கிட்ட தள்ளுவார். ராத்திரி அவர் கம்பளியும் எனக்குத்தான். ஒரு நிமிஷம்கூடக் கண்ணை விட்டு அகல விடமாட்டார்."

"இங்கயும் அதே கதைதான். நான் மார்க்கெட்டுக்குப் போனாக்கூடப் பின்னாலயே வருவார்."

மறுபடி சிரிப்பு. பெரியவரும் சிரித்தார்.

"அப்ப எனக்குப் பொண்ணு பிறந்து நாப்பது நாள். முகம்கூடப் பாக்கல. ஒருநாள் அதைச் சொன்னேன். அன்னிக்கு அவர் கயித்தைத் தொடவே இல்ல. மறுநாள் பனி விட்டதும், 'கிளம்பு. போய் குழந்தையைப் பாரு'ன்னுட்டார்."

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சந்தேகமும் வந்தது. "மேலதிகாரியைக் கேக்காமலேயா லீவு குடுத்தார்? அவருக்குச் சட்டம்னா சட்டமாச்சே."

"லீவு இல்லம்மா," என்றார் பெரியவர். "நான் எதிரிப் படைக்காரன். என்னைக் கைதியாப் பிடிச்சுக் காவல் இருந்தவர், கைக்கட்டை அவிழ்த்து, எங்க எல்லை வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டுப் போனார்."